கட்டி சார்க் கப்பலை மேசை மேல் கட்டுவது எப்படி

புதுச்சேரி நேரு வீதியிலும் கடற்கரைச் சாலைப் பக்கமும் பரிசுப் பொருள் கடைகளில் பாய்மரக் கப்பல் பொம்மை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வார்னிஷ் மினுமினுக்கும், மூன்று பாய்மரம் நிற்கும், துணி விறைப்பாகப் புடைத்திருக்கும். கீழே உடம்பு மட்டும் பூசணிக்காய். இந்த உடம்போடு ஒரு கப்பல் சீனத் தேயிலையை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குப் பந்தயம் ஓடியது என்றால் யார் நம்புவார்கள்? வாங்குகிறவர் பாயைப் பார்த்து வாங்குகிறார். செய்கிறவரும் பாயிலேயே காலத்தைப் போக்குகிறார். வேகக் கப்பலின் மாதிரி செய்ய உட்காருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: உங்கள் நேரத்தில் பாதியை, தண்ணீருக்குள் இருக்கும் பாகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அங்கே வளைவு சரியாக விழுந்துவிட்டால், கயிறு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது ஓடுகிற கப்பலாகத் தெரியும்.

நான் முதலியார்பேட்டையில் பல் செட் கட்டும் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் கட்டித் திருப்பி அனுப்புவோம். அரை மில்லிமீட்டர் கூடினால் நோயாளியால் வாயை ஒழுங்காக மூட முடியாது. அந்தப் பழக்கம் இந்த வேலைக்கு ரொம்ப உதவுகிறது. மைக்ரோமோட்டார், பர், மெழுகுக் கத்தி, கண்ணில் மாட்டும் லூப் எல்லாம் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அங்கங்கே அவற்றைச் சொல்வேன். உங்களிடம் இல்லையென்றால் குறையொன்றும் இல்லை. சின்ன அரங்கள் ஒரு செட், கையடக்க ட்ரில், நல்ல கட்டர் கத்தி, மூன்று நான்கு நம்பர் உப்புத்தாள், பொறுமை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் கடையில் கிடைக்காது.

எந்தக் கப்பல், எந்த வருடம்

கிளிப்பர் வகை வேகக் கப்பல்களில் கட்டி சார்க்கை நான் சிபாரிசு செய்யக் காரணம், கப்பலே இன்னும் இருக்கிறது. லண்டன் கிரீன்விச்சில் 1954 முதல் உலர்துறையில், அதாவது தண்ணீரை வெளியேற்றிய கப்பல் துறையில் நிற்கிறது. 2007 மே மாதம் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. பாய்மரங்களையும் இன்னும் பல பாகங்களையும் அதற்கு முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்ததால் பிழைத்தது. 2012இல் மறுபடி திறந்தபோது கப்பலைச் சுமார் மூன்று மீட்டர் உயர்த்தி நிறுத்தினார்கள். இப்போது பார்வையாளர்கள் அதன் அடியிலேயே நடந்து போகலாம். நமக்கு வேண்டியது அதுதான். அடியிலிருந்து அண்ணாந்து எடுத்த படங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று நல்ல படமாகப் பொறுக்கிப் பெரிதாக அச்சிட்டு வேலை செய்யும் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கட்டியது ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்ற ஊரில். வடிவமைத்தவர் ஹெர்குலிஸ் லிண்டன், கட்டச் சொன்ன முதலாளி ஜான் வில்லிஸ். தண்ணீரில் இறங்கிய நாள் 1869 நவம்பர் 22. அதற்கு ஐந்தே நாள் முன்னால் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது, நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது. பிறக்கும்போதே பிழைப்புக்கு ஆபத்து. தேயிலையை விட்டு, பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றும் வேலையில்தான் இந்தக் கப்பல் பேர் வாங்கியது. அதிகபட்ச வேகம் 17.5 நாட், அதாவது மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர், வெறும் காற்றில். கட்டியவர்கள் பாதியில் திவாலாகி, வேறு கம்பெனி வேலையை முடித்தது தனிக் கதை.

இதில் நம் பக்கத்து உறவும் ஒன்று உண்டு. வில்லிஸிடம் தி ட்வீட் என்று ஒரு கப்பல் இருந்தது. அதன் முதல் பெயர் பஞ்சாப். 1854இல் பம்பாய்க் கப்பல் தளத்தில், வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய போர்க்கப்பல். வில்லிஸ் அதை வாங்கி, நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பாய்மரக் கப்பலாக்கினார். அது ஓடிய ஓட்டத்தில் மயங்கி, புதுக் கப்பலுக்கும் அதன் அமைப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்பார்கள்.

முதல் முறையாகச் செய்கிறவர்கள் நேராகக் கட்டி சார்க்கில் கைவைக்காதீர்கள். ப்ளூநோஸில் தொடங்குங்கள். 1921இல் கனடாவில் லூனென்பர்க் என்ற ஊரில் கட்டிய மீன்பிடிக் கப்பல் அது. மீனும் பிடிக்கும், பந்தயத்திலும் ஜெயிக்கும். கனடா நாட்டு பத்து சென்ட் காசில் அதன் படம் இருக்கிறது. இரண்டே பாய்மரம், பாயைத் தொங்கவிடும் குறுக்குக் கம்புகள் கிடையாது, உடம்போ அழகு. கீழே சொல்லும் உடம்பு வேலை முழுவதும் அதற்கும் பொருந்தும்.

எந்த வருடத்துக் கப்பலைச் செய்கிறீர்கள் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். கட்டி சார்க்கின் பாய்ப் பரப்பு தொடக்கத்தில் 32,000 சதுர அடி. 1880 வாக்கில் பாய்மரங்களையும் குறுக்குக் கம்புகளையும் வெட்டிக் குறைத்தார்கள். தேயிலைக் காலத்துப் பாய்மரத்தை நட்டு, கம்பளிக் காலத்துக் கம்பை மாட்டினால் விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வரைபடத்துக்கு, 1950களில் கப்பலைச் சீரமைத்தபோது ஜார்ஜ் கேம்பல் வரைந்த தாள்கள்தான் என் தேர்வு.

அளவு

நான் செய்வது 1:96. நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.175 மில்லிமீட்டர். உடம்பு நீளம் 212 அடி 5 அங்குலம் என்பது 67 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பையும் சேர்த்தால் 280 அடி, 89 செ.மீ. அகலம் 36 அடி, 11.4 செ.மீ. நடுப் பாய்மரம் 152 அடி, 48 செ.மீ. இதற்குக் கண்ணாடிப் பெட்டி ஒரு மீட்டர் நீளமாவது வேண்டும். பெட்டியை எங்கே வைப்பது என்று வீட்டில் பேசி முடித்த பிறகு மரம் வாங்கப் போங்கள். டிவிக்கு மேலே வைக்கலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் முக்கியமாக.

வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்காதீர்கள். கட்டட பிளான் அச்சிடும் பிளாட்டர் கடைக்குப் போங்கள். அச்சிடும் முன் தாளில் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று என்று 10 செ.மீ. கோடு போட்டுக்கொடுங்கள். அச்சான பிறகு இரண்டையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒன்று 10 ஆகவும் இன்னொன்று 9.8 ஆகவும் வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு அச்சு கேளுங்கள். அந்த இரண்டு மில்லிமீட்டர் முழு நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும்.

மரம்

உடம்பின் வெளிப்பக்கம் மேலே கறுப்புப் பெயின்ட், கீழே உலோகத் தகடு. ஒரு துளி மரம்கூட வெளியே தெரியாது. அப்புறம் அங்கே தேக்கைப் போட்டு என்ன பயன்? இயந்திரங்கள் வந்து இறங்கும் பைன் பெட்டியின் பலகை போதும். முடிச்சு இல்லாத துண்டாகப் பொறுக்கி, ஆசாரியிடம் கொடுத்து 1.5 மி.மீ. கனம், 5 மி.மீ. அகலத்தில் கீற்றாக அறுத்து வாங்குங்கள்.

மேல்தளம் மட்டும் கண்ணில் படும் இடம். நிஜக் கப்பலில் அது தேக்கு என்பதால் பலரும் தேக்கையே போடுகிறார்கள். தேக்கின் நரம்பும் துளையும் 96 மடங்கு சிறியதாவதில்லை. அந்த அளவில் ஒவ்வொரு துளையும் மாலுமி கால் இடறி விழும் பள்ளம். நான் போடுவது வெட்பாலை. பொம்மை கடைகிறவர்கள் விரும்பும் மரம், தந்த நிறம், நரம்பே தெரியாது. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்து மரவாடிகளில் கேட்டுப் பாருங்கள்.

மேல்தளத்து அறைகள், மூடிகள், கப்பலைத் தாங்கும் நிற்பு எல்லாவற்றுக்கும் பண்ருட்டிப் பலா. வீணைக்குப் போகும் அதே மரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது அந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது விழுந்த மரத்தில் அறுத்த பலகை இன்னும் என் பரணில் இருக்கிறது. இத்தனை வருடம் காய்ந்த பலா இனி முறுக்காது. புதுப் பலகை வாங்கினால் இரண்டு கோடையாவது நிழலில் போட்டு வையுங்கள். மஞ்சள் நிறம் நாளாக ஆகப் பழுப்பாக மாறும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குக் கம்புகளுக்கு மூங்கில். நார் நேராக ஓடுவதால் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவினாலும் எளிதில் உடையாது.

உடம்பு

இங்கேதான் பெரும்பகுதி நேரம் போகவேண்டும். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில் நீளமாக ஓடும் மரம் ஏரா, குறுக்கே நிற்கும் விலாக்கள் வங்கு. கடலூர்ப் பக்கம் படகு கட்டுகிறவர்கள் பேச்சில் புழங்கும் இந்தச் சொற்களையே நானும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

வேலை தொடங்கும் முன் ஒரு நாள் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்குப் போய்வாருங்கள். பழுது பார்க்கக் கரையேற்றிய படகுகளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, அணியத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன்முனையிலிருந்து பலகை எப்படி மெதுவாக விரிந்து வயிற்றுக்குப் போகிறது, அமரத்தை நெருங்கும்போது எப்படி உள்வாங்கிச் சுக்கானிடம் முடிகிறது என்பது வரைபடத்தில் புரியாதவர்களுக்கு அங்கே புரிந்துவிடும். அப்படியே கடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1783 ஜூன் 20 அன்று இந்தக் கரைக்கு எதிரேதான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் 15 பெரிய கப்பல்களோடு, 18 வைத்திருந்த ஆங்கிலேயத் தளபதி ஹியூஸை எதிர்த்து நின்றார். தளபதி வேகக் கப்பலில் இருந்துதான் படை நடத்தவேண்டும் என்று பிரெஞ்சு அரசர் உத்தரவு போட்டிருந்ததால், சுஃப்ரான் தன் பெரிய கப்பலை விட்டுக் கிளியோபாத்ரா என்ற வேகக் கப்பலுக்கு மாறிக்கொண்டார். அடியில் செம்புத் தகடு அடித்த கப்பல் அது. எனக்கு அடுத்த ஆசை அதுதான். சரி, வேலைக்கு வருவோம்.

ஏராவை 6 மி.மீ. பிளைவுட்டிலும் வங்குகளை 4 மி.மீ. பிளைவுட்டிலும் அறுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில் வங்குக்கு வங்கு 4 செ.மீ. இடைவெளி இருக்கலாம். அணியத்திலும் அமரத்திலும் 2 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள். வளைவு வேகமாக மாறும் இடம் அதுதான். அங்கே வங்கு குறைந்தால் பலகை தன் இஷ்டத்துக்கு வளைந்து, கூர்மை போய்விடும். அணியத்தின் முதல் இரண்டு இடைவெளியை மென்மையான மரத்துண்டு வைத்து அடைத்து, வரைபடத்து வளைவுக்குச் செதுக்கிவிடுவது இன்னும் நல்லது. ஏராவைத் தடித்த பலகை மேல் இரும்பு எல்-ஆங்கிளால் நிமிர்த்தி நிறுத்துங்கள். முனைக்கு முனை நூல் இழுத்துக் கட்டி நேராக இருக்கிறதா பாருங்கள். பலகை ஒட்டும் வேலை முடியும்வரை அந்த நூலை அவிழ்க்கவேண்டாம்.

வங்குகளின் விளிம்பு முதலில் சதுரமாக இருக்கும். பலகை அதன் மேல் படியவேண்டுமானால் விளிம்பைச் சாய்வாகத் தேய்க்கவேண்டும். இரும்பு ஸ்கேலின் முதுகில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, மூன்று வங்குகள் மேல் ஒரே நேரத்தில் படும்படி வைத்துத் தேயுங்கள். ஒற்றை வங்காகத் தேய்த்தால் அலை விழும். பிறகு ஒரு பைன் கீற்றை ஒட்டாமல் சும்மா வைத்துப் பாருங்கள். எல்லா வங்கையும் தொட்டுக்கொண்டு, எங்கும் திடீரென்று திரும்பாமல் போகிறதா? எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்த வங்கு பள்ளம், மெல்லிய மரச்சீவல் ஒட்டி ஏற்றுங்கள்.

இப்போது பலகைக் கணக்கு. நடு வங்கின் ஒரு பக்கச் சுற்றளவு 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. கீற்று என்றால் 26 பலகை. அதே 26 பலகையும் அணியத்து வங்கில் 8.5 செ.மீ.க்குள் அடங்கவேண்டும். ஒவ்வொன்றும் அங்கே 3.3 மி.மீ.க்குக் குறுகவேண்டும். வங்கின் மேல் காகிதக் கீற்றைச் சுற்றி நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. கோடு போட்ட கிராஃப் தாள் மேல் அந்தக் கீற்றைச் சாய்த்து வைத்து, இரு முனைக்கும் நடுவே சரியாக 26 கட்டம் வரும்வரை திருப்புங்கள். கோடு வெட்டும் இடமெல்லாம் புள்ளி வையுங்கள். கணக்குப் போடாமலே சமமாகப் பங்கு போட்டாகிவிட்டது. புள்ளிகளை வங்குக்கு மாற்றுங்கள். எந்தப் பலகையையும் பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழே சீவாதீர்கள். அதற்கு மேல் குறுகவேண்டி வந்தால் இரண்டு பலகை சேர்ந்து ஒரு பலகையாகும்படி வெட்டிப் பொருத்துங்கள். அமரத்தில் நேர் எதிர், அங்கே இடம் கூடும். கூர்மையாகச் சீவிய ஆப்புப் பலகை ஒன்றை நடுவில் நுழைக்கவேண்டியிருக்கும்.

கீற்றை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறப்போட்டு, வளைத்து, கிளிப் மாட்டிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்து ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது அகலம் சுருங்கி, பலகைக்குப் பலகை இடுக்கு விழும். மேல்தளத்து விளிம்புப் பலகையில் தொடங்குங்கள். இடது பக்கம் ஒன்று ஒட்டினால் வலது பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஐந்தாறு ஒட்டிவிட்டால் ஏரா அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வளையும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் நிமிர்த்த முடியாது. பசை சாதாரண ஃபெவிகாலே போதும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். நம் ஊர்க் காற்றில் அப்போது மரம் தண்ணீர் குடித்து உப்பியிருக்கும், மாசி பங்குனியில் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். மழைக்காலத்தில் சின்னச் சின்ன உலோக வேலை பாருங்கள்.

பலகை முடிந்ததும் தேய்ப்பு. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் உடம்பு கைக்குச் சரியாக இருக்காது, அளவுக்கு அதைவிடச் சரியாக இருக்காது. வரைபடத்திலிருந்து நாலைந்து இடத்து வளைவைக் கெட்டியான அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் என் தொழில் கைகொடுக்கிறது. பல் செட்டில் எந்தப் பல் தூக்கலாக இருக்கிறது என்று பார்க்க, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே நீலக் காகிதம் வைத்துக் கடிக்கவைப்போம். ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர் என்று பல் மருத்துவப் பொருள் கடையில் சின்னப் புத்தகம் மாதிரிக் கிடைக்கும், விலை அதிகமில்லை. அந்தக் காகிதத்தை உடம்பின் மேல் வைத்து, அட்டை அச்சை அதன் மேல் அழுத்தி லேசாக அசையுங்கள். எடுத்துப் பார்த்தால் மேடான இடத்தில் மட்டும் நீலப்புள்ளி விழுந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். மறுபடி வையுங்கள். முதலில் இரண்டு மூன்று தடித்த புள்ளி வரும், தேய்க்கத் தேய்க்க அது சிதறி, அச்சு நெடுக நீளமாக நீலம் படரும். படர்ந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அதே அச்சைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அச்சுக்கு ஒத்துவந்தால்தான் கப்பல் நேராக ஓடும்.

பள்ளத்துக்கு மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்துப் பூசுங்கள். லேபில் மெழுகு இருக்கிறதே என்று என்னைப் போன்றவர்களுக்குக் கை போகும். மெழுகு பட்ட இடத்தில் பெயின்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. கடைசியாகச் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு கோட். விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சை உடம்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மேடுபள்ளம் நிழல் போட்டுக் காட்டும். தேய்க்கும்போதெல்லாம் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடித்தகடு

கட்டி சார்க்கின் எலும்பு இரும்பு, தோல் மரம். முழு இரும்பில் கட்டியிருந்தால் அதன் மேல் நேராகச் செம்பு வகைத் தகடு அடிக்க முடியாது. கடல் தண்ணீரில் இரும்பும் செம்பும் சேர்ந்தால் இரும்பு அரித்துப்போகும். தகடு இல்லாவிட்டால் கொட்டலசு என்ற கடல் உயிரி ஒட்டி வளர்ந்து வேகத்தைத் தின்றுவிடும். மரத்தோல் என்பதால் தகடு அடிக்க முடிந்தது. தேயிலைக் கப்பல்களின் வேகத்தில் இந்தத் தகட்டுக்கும் பங்கு உண்டு.

மாதிரி செய்கிறவர்கள் பெரும்பாலும் பின்பக்கம் பசையுள்ள செம்பு டேப்பை ஒட்டுகிறார்கள். சிவப்பாக, பளபளவென்று இருக்கும், படத்துக்கு நன்றாக எடுபடும். ஆனால் கட்டி சார்க்கில் இருந்தது தனிச் செம்பு கிடையாது. மன்ட்ஸ் என்ற பர்மிங்ஹாம்காரர் 1832இல் காப்புரிமை வாங்கிய உலோகம், 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. நம் ஊர் ஹார்டுவேர் கடைப் பித்தளைக்கும் அதற்கும் கலவையில் பெரிய தூரம் இல்லை. அதனால் நான் ஒட்டுவது 0.05 மி.மீ. பித்தளை ஷிம் தாள், அதாவது காகிதம்போல் மெல்லிய தகடு. கத்தரிக்கோலால் வெட்டலாம். மஞ்சள் சாயல் கப்பலோடு ஒத்துப்போகும்.

அந்தக் காலத்துத் தகடு ஒன்று வழக்கமாக 4 அடிக்கு 14 அங்குலம். நம் அளவில் 12.7 மி.மீ.க்கு 3.7 மி.மீ. ஸ்கேலும் கட்டர் கத்தியும் வைத்து நீளக் கீற்றாக அறுத்து, பிறகு துண்டு போடுங்கள். பின்பக்கத்தை உப்புத்தாளால் கீறி, தின்னரால் துடைத்து, ரப்பர் பசை இரண்டு பக்கமும் தடவி, கை ஒட்டாத பதம் வந்ததும் அமுக்குங்கள். ஏராவை ஒட்டி அமரத்தில் தொடங்கி அணியத்தை நோக்கிப் போகவேண்டும். முன் தகடு பின் தகட்டின் மேல் கொஞ்சம் ஏறி உட்காரவேண்டும். அப்படி இருந்தால்தான் எதிரே வரும் தண்ணீர் விளிம்பைக் கிளப்பாது. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை மேலே. ஆணித் தலைக்காகப் பல்சக்கரம் வைத்துப் புள்ளி குத்துகிறார்கள் சிலர். நிஜ ஆணித்தலையை 96ஆல் வகுத்தால் கண்ணுக்கே தெரியாது. புள்ளி குத்திய உடம்பு அம்மை போட்டதுபோல் இருக்கும், வேண்டாம்.

மேலே கறுப்பு அடிக்கும்போது முழுப் பளபளப்பு வாங்காதீர்கள், பாதி மங்கலே பொருந்தும். ஸ்ப்ரே பெயின்டை மழை நாளில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும்.

மேல்தளத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1.4 மி.மீ. அகலக் கீற்று, ஒரு விளிம்பில் மட்டும் 2பி பென்சில் தேய்த்து ஒட்டினால் பலகை இடுக்கில் தார் அடைத்த கோடு தானாகத் தெரியும்.

பாய்மரமும் கயிறும்

இந்தக் கப்பலில் மொத்தம் 17.7 கிலோமீட்டர் கயிறு என்பார்கள். 96ஆல் வகுத்தால் 184 மீட்டர். பயப்படவேண்டாம், பாதி கட்டினாலே நிறைவாகத் தெரியும். எது என்று பொறுக்குவதில்தான் விஷயம். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் ஒன்றையும் விடாதீர்கள். ஓடும் கயிறுகளில் சின்னவற்றை விட்டுவிடலாம்.

நூல் விஷயத்தில் நம் கடற்கரை ஊருக்குத் தனிச் சட்டம். பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கும், மழைக்காலத்தில் கம்பையே வளைத்துவிடும். வலைக்கடை நைலான் ஈரம் குடித்துத் தொய்யும். பாலியெஸ்டர் தையல் நூல் இரண்டுமில்லாமல் இருக்கும். தேன்மெழுகில் இழுத்து, விரல் சூட்டில் நீவிவிட்டால் பிசிறு படியும். பாய்மரத்தின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் பிடித்துநிற்கும் கயிறுகளுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ., கறுப்பு. ஓடும் கயிறுகளுக்கு அதைவிட மெல்லியது, காவிப் பழுப்பு. மாலுமி ஏறும் படிக்கயிறு சுமார் 4 மி.மீ.க்கு ஒன்று. பின்னால் கோடு போட்ட அட்டை வைத்துக்கொண்டு கட்டுங்கள், முடிச்சை இறுக்கி இழுக்காதீர்கள். இழுத்தால் கயிறுகள் நடுவில் இடுப்பு ஒடுங்கி நிற்கும்.

மேலே இருக்கும் சின்னக் கப்பிகளைச் செதுக்கிக்கொண்டிருக்கவேண்டாம். பழுப்பு நிறச் சின்னப் பாசிமணி கோத்துவிடுங்கள். சுத்தவாதிகள் திட்டுவார்கள். இந்த அளவில் இரண்டடி தள்ளி நின்று எது மணி, எது கப்பி என்று அவர்களாலேயே சொல்ல முடியாது.

பாய்மரங்கள் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றுக்கும் சாய்வு கோணத்தை வரைபடத்திலிருந்து அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு துளையிடுங்கள். குறுக்குக் கம்பில், அதாவது பருமலில் வரும் கப்பி, மாலுமி கால் ஊன்றும் கால்கயிறு எல்லாவற்றையும் பாய்மரத்தில் மாட்டும் முன்பே மேசையில் வைத்துக் கட்டி முடித்துவிடுங்கள். நடு மரத்தின் பெரிய பருமல் 78 அடி, நமக்கு 24.8 செ.மீ. எல்லாம் ஏறிய பிறகு உள்ளே கை போகாது. கட்டும் வரிசை உள்ளிருந்து வெளியே, கீழிருந்து மேலே.

பாய் வேண்டுமா என்று கேட்பார்கள். நான் போடுவதில்லை. எவ்வளவு மெல்லிய துணியும் இந்த அளவில் சாக்குதான், அதோடு கஷ்டப்பட்டுச் செய்த வளைவையெல்லாம் மறைத்துவிடும். ஆனால் பாய் இல்லாமல் நிற்கும் கப்பலில் பருமல்கள் எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழ்ப் பருமலும் அதற்கு மேலே உள்ளதும் நிலையாக ஓரிடத்தில் நிற்பவை. அதற்கும் மேலே இருப்பவை பாய் விரிக்கும்போது மட்டும் ஆஞ்சான் கயிற்றால் மேலே ஏறும், பாய் இல்லாதபோது இறங்கி நிற்கும். பாயில்லாக் கப்பலில் எல்லாப் பருமலையும் உச்சிக்கு ஏற்றிவைப்பது விலை உயர்ந்த மாதிரிகளில்கூடக் காணும் தவறு. நீங்கள் இறக்கி வையுங்கள்.

முன்முனைச் சிலை வெள்ளை உடுப்புப் பெண், நானி. ஸ்காட்லாந்துக் கவிதையில் குடியானவனைத் துரத்தி அவன் குதிரையின் வாலைப் பிடுங்கிய சூனியக்காரி, நீட்டிய கையில் அந்த வால் இருக்கும். இரண்டு செ.மீ.க்குள் உருவம். பல் லேபில் புழங்கும் இன்லே மெழுகில் செதுக்கி, சிலிகான் புட்டியில் அச்செடுத்து, சூடு காட்டாமலே இறுகும் கோல்டு க்யூர் அக்ரிலிக் ஊற்றினால் ஒரு முகம் கெட்டாலும் இன்னொன்று கிடைக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்தத் திரவத்தின் நெடி தலைவலி கொடுக்கும். மெழுகு பழக்கமில்லாதவர்கள் எபாக்சி களிமண்ணில் செய்யலாம். வாலுக்குப் பாலியெஸ்டர் நூல் பிரித்து ஒட்டினால் போதும்.

கண்ணாடிப் பெட்டியை முழுக்கக் காற்றுப்புகாமல் அடைக்காதீர்கள். மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வரும் புளிப்பு வாயு உள்ளேயே தங்கினால் ஈயப் பாகங்கள் வெள்ளைப் பொடியாக உதிரும். ஈயத்தில் செய்த நங்கூரம் வாங்கவே வேண்டாம். அடிப்பலகையில் இரண்டு துளை போட்டு, கொசுவலை ஒட்டிவிடுங்கள். நான்கு கால்களுக்கும் கீழே கரையான் மருந்து தடவிய கட்டை. வெயில் நேராக விழும் சுவர் ஆகாது, ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. தூசி தட்டப் பெண்கள் முகத்துக்கு மாவு பூசும் அகலப் பிரஷ், இடுக்குகளுக்குக் கேமரா துடைக்கும் காற்றுப் பந்து. துணி கொண்டு துடைக்க வருகிறவர்களிடம் மட்டும் பெட்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.